காஞ்சிபுரத்தில் ஒன்றரை நாள்

காஞ்சிபுரம் போய்வந்தவர்களிடம் பேசினால் பாதிப் பேர் ஒரே கதையைச் சொல்வார்கள். சென்னையில் நிதானமாக டிபன் முடித்துப் புறப்பட்டு, பதினொரு மணிக்கு ஊருக்குள் இறங்கி, ஏகாம்பரநாதரை அவசரமாகக் கும்பிட்டுவிட்டுக் காமாட்சி கோயிலுக்கு ஓடினால் நடை சாத்தியிருக்கும். மறுபடி திறக்க மாலை 4 மணி ஆகும். அதுவரை வெயிலில் எங்கே போவது? ஏதாவது ஒரு பட்டுக்கடையின் ஏசிக்குள் போய் உட்கார்வார்கள். களைப்பில் கண்ணில் பட்ட சேலையை வாங்குவார்கள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அக்கா கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்கப் போன அம்மா, நடை சாத்திய அந்த நான்கு மணி நேரத்தில், ஆட்டோக்காரர் கூட்டிப்போன ஒரு "தறிக்காரர் வீட்டில்" சேலை வாங்கினார். இரண்டே வருடத்தில் அதன் சரிகை கறுத்துவிட்டது. அம்மா அதை இன்னும் பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கிறார். அந்தச் சேலையை நினைத்துக்கொண்டுதான் இந்த அத்தியாயத்தின் வரிசையை அமைத்திருக்கிறேன்: காலையில் கோயில், நடுப்பகலில் தறி, மாலையில் மீண்டும் கோயில், பட்டு வாங்குவது மறுநாள். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். மற்றதை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

புறப்படுவதற்கு முன்

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். மார்கழி, தை, மாசி மூன்றும் நடப்பதற்கு நல்ல மாதங்கள். சித்திரை, வைகாசியில் கருங்கல் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழிகளில் தண்ணீர் ஏறி நெசவு நின்றுவிடுவது உண்டு. தறி பார்க்க விரும்பினால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

2. பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தைய வாரம் பட்டுக்கடைகளில் நிற்க இடமிருக்காது. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் காமாட்சி கோயிலில் கூட்ட நாட்கள். ஏகாம்பரநாதருக்குப் பங்குனியிலும், காமாட்சிக்கு மாசியிலும், வரதராஜருக்கு வைகாசியிலும் பிரம்மோற்சவம். திருவிழா பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வைகாசி கருடசேவையைத் தேர்ந்தெடுங்கள். சிற்பம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

3. முந்தைய இரவே ஊருக்குள் போய்த் தங்குங்கள். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்தான். சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாக மின்சார ரயில் இருக்கிறது, பேருந்தும் அடிக்கடி உண்டு. தென் மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் சென்னைவரை போய்த் திரும்ப வேண்டாம், செங்கல்பட்டிலேயே இறங்கி மாறிக்கொள்ளலாம்.

4. பையில் போட வேண்டியவை: தண்ணீர், தொப்பி அல்லது குடை, ஒரு ஜோடி பருத்திக் காலுறை, சிறிய டார்ச், சில்லறை. சுற்றுப் பிராகாரத்தில் காலுறையோடு நடப்பதை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. சந்நிதிக்கு முன் கழற்றிவிடுங்கள். ஆண்கள் வேட்டி அல்லது முழுக்கால் சட்டை, பெண்கள் சேலை அல்லது சுடிதார் அணிந்தால் எந்த வாசலிலும் தடை வராது.

ஊரை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்

வடமேற்கில் பெரிய காஞ்சிபுரம். சிவ காஞ்சி என்பது இதுதான். ஏகாம்பரநாதர், காமாட்சி, குமரகோட்டம், உலகளந்த பெருமாள் எல்லாம் நடந்து போகும் தூரத்துக்குள் இங்கே இருக்கின்றன. அங்கிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 3 கிலோமீட்டரில் சின்ன காஞ்சிபுரம், அதாவது விஷ்ணு காஞ்சி. வரதராஜப் பெருமாள் கோயில் அங்கே. மேற்கு ஓரத்தில் கைலாசநாதர். அதை ஒட்டி நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையம். வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றம், பழைய ஜைன காஞ்சி. இந்த நான்கு மூலைகளும் மனத்தில் பதிந்துவிட்டால் ஆட்டோவுக்குத் தேவையில்லாமல் கொடுக்கும் பணம் பாதியாகக் குறையும்.

முதல் நாள் காலை

1. காலை 6.30: கைலாசநாதர் கோயில். பிரார்த்தனைக் கோயில் இல்லை என்பதால் பலர் இதைக் கடைசியில் வைத்து, நேரமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். காஞ்சியில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இங்கேதான் அனுப்புவேன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. பூசலார் நாயனார் மனத்துக்குள் கோயில் கட்டிய கதையில் வரும் அரசன் எழுப்பிய கற்றளி இதுதான் என்பார்கள். கிழக்குப் பார்த்த கோயில். அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். காலை வெயில் படும்போது அந்தக் கல் தேன் நிறத்துக்கு மாறும், எட்டு மணிக்கு மேல் அந்த நிறம் போய்விடும்.

உள்ளே பார்க்கும் முறை: முதலில் வெளியே, சற்றுத் தள்ளி இருக்கும் நந்தியிடமிருந்து முழுக் கோயிலையும் பாருங்கள். பிறகு மதிலின் உட்புறமாக இருக்கும் 58 சிறு சந்நிதிகளை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவாருங்கள். சிலவற்றில் பல்லவர் கால வண்ண ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது, ஒரு கண், ஒரு தோள் அளவுக்கு. விரலால் தொடாதீர்கள். சுவரில் ஓடும் கிரந்த எழுத்துகள் ராஜசிம்மனின் விருதுப் பெயர்கள்.

மண்டபத் தூண் ஒன்றில் ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்து, அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததாக அதில் பொறிக்கச் செய்திருக்கிறான். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி கர்நாடகத்தின் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் இந்தக் கோயிலின் சாயல் தெரியும். படையெடுத்து வந்தவனையே அசைத்த கட்டடம் இது. அவசரப்படாமல் பாருங்கள்.

கவனம்: கருவறையைச் சுற்றிவரும் குறுகிய வழியில் தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியேற வேண்டும். மறுபிறவி இல்லை என்ற நம்பிக்கையில் பலர் போவார்கள். மூட்டுவலி, முதுகுவலி, மூச்சுத் திணறல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேண்டாம். பாதி வழியில் திரும்ப முடியாது.

2. காலை 8.30: டிபன். காஞ்சிபுரம் இட்லியை ஓட்டலில் தேடுவதைவிட மாலையில் வரதராஜர் கோயில் பக்கம் விசாரிப்பது நல்லது. இப்போதைக்கு வயிற்றுக்கு லேசாகச் சாப்பிடுங்கள்.

3. காலை 9.15: ஏகாம்பரநாதர். தெற்கு ராஜகோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது, ஏறக்குறைய 59 மீட்டர் உயரம். பஞ்சபூதத் தலங்களில் இது நிலம். மூலவர் மணல் லிங்கம் என்பதால் லிங்கத்தின் மேல் தண்ணீர் ஊற்றி அபிஷேகம் செய்வதில்லை. எனவே "அபிஷேகத்துக்குப் பணம் கொடுங்கள்" என்று வழியில் யாராவது கேட்டால் கோயில் அலுவலகத்தில் மட்டுமே கேட்டுச் சீட்டு வாங்குங்கள். பெரிய பிராகாரத்தைச் சுற்றி, கோயிலின் தலமரமான மாமரத்துக்கு வாருங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நிலாத்திங்கள் துண்டமும் இந்தச் சிவன் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. விசாரித்துப் பார்த்துவிடுங்கள், பலர் தெரியாமல் தாண்டிப்போகிறார்கள்.

4. காலை 10.30: குமரகோட்டம். வழியிலேயே வரும். கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியாரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோயில். பத்து நிமிடம் போதும்.

5. காலை 10.45: காமாட்சி அம்மன். காஞ்சியின் சிவன் கோயில்களில் தனி அம்பாள் சந்நிதி இருக்காது. ஊருக்கெல்லாம் அம்பாள் இவள் ஒருத்தியே. வரிசையில் நிற்க நேரம் பிடிக்கும் என்பதால் 11 மணிக்கு முன்பே உள்ளே போய்விடுங்கள். நடை 12 மணியை ஒட்டிச் சாத்தப்படும், விசேஷ நாட்களில் மாறும். முந்தைய நாள் மாலையே வாசல் பலகையில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

குறிப்பு: நேரம் மிச்சம் இருந்தால் பக்கத்திலேயே உலகளந்த பெருமாள். காலைத் தூக்கி நிற்கும் அந்த உருவத்தின் உயரத்துக்கு எந்தப் படமும் உங்களைத் தயார்ப்படுத்தாது.

நடுப்பகல்: தறி வாசல்

சாப்பிட்டு, அறையில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருங்கள். இதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். காலையில் 6 மணிக்குத் தொடங்கியவர்கள் மாலைவரை தாக்குப்பிடிக்க வேறு வழியில்லை. தலைசுற்றல், குமட்டல் இருந்தால் அன்றைய திட்டத்தை நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்து தண்ணீரும் மோரும் குடியுங்கள். குறையவில்லை என்றாலோ, வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டு மணிக்குப் பிள்ளையார்பாளையம் பக்கம் நடங்கள். தெருவில் போகும்போதே தறியின் சத்தம் காட்டிக்கொடுக்கும். தெரிந்தவர் மூலமாகவோ கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டோ போவது மரியாதை. இல்லையென்றால் வாசலில் நின்று, "அண்ணே, கொஞ்ச நேரம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேலை நெருக்கடி இருந்தால் மறுப்பார்கள், வருத்தப்படாமல் அடுத்த வாசலுக்குப் போங்கள்.

உள்ளே கவனிக்க வேண்டியவை:

1. குழித்தறி. நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மிதிப்பார். கண் இருட்டுக்குப் பழகும்வரை வாசலிலேயே நில்லுங்கள். தெரியாமல் குழியில் கால் வைத்தவர்கள் உண்டு.

2. கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்திருப்பார்கள். முன்பு அந்த இடத்தில் குழந்தைகளை உட்காரவைத்த காலம் இருந்தது. உடலின் ஊடையும் (குறுக்கிழை) கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் இடத்தை உற்றுப் பாருங்கள். நாளைக்குக் கடையில் நீங்கள் தேடப்போவது அந்தக் கோப்புதான்.

3. பேட்னி. முந்தானை வேறு நிறமாக இருந்தால், உடலின் பாவு (நெடுக்கிழை) முடியும் இடத்தில் புதுப் பாவு இழைகளை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். இந்த வேலை நடக்கும் நாளில் நீங்கள் போய்ச் சேர்ந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

4. சேலை யாருடையது என்று கேளுங்கள். பட்டும் சரிகையும் பெரும்பாலும் சங்கமோ முதலாளியோ கொடுத்தவை. நெய்கிறவருக்குக் கிடைப்பது கூலி. தறியில் இருக்கும் சேலையை அவர் உங்களுக்கு விற்க முடியாது. இது தெரிந்திருந்தால் "தறிக்காரர் வீட்டு நேரடி விற்பனை" என்ற பேச்சை அம்மா நம்பியிருக்க மாட்டார்.

செய்யக்கூடாதவை: பாவைத் தொடாதீர்கள், ஓர் இழை அறுந்தால் அதை முடிச்சுப் போட அவர் வேலையை நிறுத்த வேண்டும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள், உங்களோடு பேசும் நேரம் அவர்கள் கூலியில் குறையும். கிளம்பும்போது பணம் நீட்டுவதைவிட, போகும்போதே கொஞ்சம் பழம் வாங்கிப் போவது நம் ஊர் வழக்கம்.

மாலை: சின்ன காஞ்சிபுரம்

4 மணிக்கு ஆட்டோவில் வரதராஜர் கோயில். ஏறும் முன் பேரம் முடித்துக்கொள்ளுங்கள், வழியில் கடைக்குப் போக வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முதலில் வெளிப்பிராகாரத்து நூற்றுக்கால் மண்டபம். விஜயநகரச் சிற்பிகளின் குதிரை வீரர்களும், ஒரே கல்லில் குடைந்த சங்கிலியும் அங்கே. பிறகு அத்திகிரி ஏறி மூலவரைப் பாருங்கள், 24 படிகள். தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி தரிசனத்தில் தள்ளுமுள்ளு வரும். முதியவர்களை நடுவில் விட்டு முன்னும் பின்னும் நில்லுங்கள்.

இக்கோயிலின் அத்திமரப் பெருமாளான அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வருவார். 1979க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்தார், அடுத்தது 2059இல். "இப்போதே காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019இல் நெரிசலில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. எந்தப் பெருங்கூட்டத்திலும் முதலில் வெளியேறும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள்.

கோயில் இட்லி இங்கே பெருமாளுக்கு நைவேத்தியம். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி நெடுநேரம் வேகவைப்பார்கள். எல்லா நேரமும் கிடைக்காது, பிரசாதக் கடையில் கேட்டுப் பாருங்கள். துண்டு கனமாக இருக்கும், புளிப்பும் சுக்கின் காரமும் தொண்டையில் நிற்கும்.

இரண்டாம் நாள் காலை

8 மணிக்கு வைகுண்டப் பெருமாள் கோயில். எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் கட்டியது. நின்ற, இருந்த, கிடந்த கோலங்கள் மூன்று தளங்களில் அமைந்த கோயில். நீங்கள் நேரம் ஒதுக்க வேண்டியது உள்மதிலை ஒட்டிய திருச்சுற்றுக்கு. அங்கே பல்லவர் வரலாறே கல்லில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது, சில இடங்களில் கீழே விளக்க எழுத்தும் உண்டு. வாரிசு இல்லாமல் அரசன் இறந்துபோக, காஞ்சியின் பெரியவர்கள் இரணியவர்மனிடம் போய் அரசனாக ஒருவனைக் கேட்க, அவருடைய 12 வயது மகன் தானே வருகிறேன் என்று கிளம்பி வந்து முடிசூடிக்கொண்ட கதை இதில் இருக்கிறது. அந்தச் சிறுவன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய நந்திவர்மன். கல் தேய்ந்திருப்பதால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், உருவங்கள் எழுந்து வரும்.

அடுத்து ஆட்டோவில் திருப்பருத்திக்குன்றம். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம் 1387இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டியது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் கதைகள் வண்ணத்தில், தமிழ் எழுத்து விளக்கங்களோடு இருக்கின்றன. ஃபிளாஷ் போடாதீர்கள். ஊரின் இரைச்சலுக்குப் பிறகு அங்கே கிடைக்கும் அமைதியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

பட்டு வாங்கும் வரிசை

இப்போது 11 மணி. தறியைப் பார்த்த கண்ணோடு கடைக்குப் போகிறீர்கள்.

1. யாரும் கூட்டிப்போகாமல் நீங்களே போங்கள். கூட்டி வருபவருக்குக் கொடுக்கும் கமிஷன் சேலை விலையில்தான் ஏறும். முதலில் ஒரு கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்தில் விலைகளைப் பார்த்துவிட்டு, பிறகு காந்தி ரோட்டுக் கடைகளுக்குப் போனால் அளவுகோல் கையில் இருக்கும்.

2. முத்திரைகளைக் கேளுங்கள். பட்டுக்குச் சில்க் மார்க், கைத்தறிக்குக் கைத்தறி முத்திரை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சில்க் மார்க் பட்டு என்பதற்கு மட்டும்தான் உறுதி. கைத்தறி என்பதற்கோ சரிகையின் தரத்துக்கோ அது சாட்சி இல்லை.

3. சேலையைப் புரட்டிக் கரையைப் பாருங்கள். கோர்வையில் உடலும் கரையும் சேரும் இடம் ரம்பப் பல் போல மாறி மாறிக் கோத்திருக்கும், கரையின் நிறம் கலப்பில்லாமல் நிற்கும். உடலின் ஊடை நிறம் கரைக்குள் ஓடியிருந்தால் அது கோர்வை இல்லை. கோர்வை இல்லாத நல்ல கைத்தறிச் சேலைகளும் உண்டு, ஆனால் கோர்வையின் விலை கொடுக்காதீர்கள்.

4. சரிகையை விசாரியுங்கள். அசல் சரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கப்பூச்சு ஏற்றியது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். அசலா, பாதித் தரமா, போலியா என்பதைப் பில்லில் எழுதிக் கேளுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

5. பட்டில் சந்தேகம் இருந்தால், கடைக்காரர் சம்மதத்தோடு இரண்டு இழைகளை எரித்துப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியாக உருண்டுவிடும்.

6. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறம் பாருங்கள். பாலும் பழமும் கட்டம், வைர ஊசி, தாழம்பூ ரேக்கு, மயில்கண், ருத்ராட்சம் என்று பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் மேலும் அக்கறையாக எடுத்துப் போடுவார்.

7. ரவிக்கைத் துணியோடு ஆறு மீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். அளந்து, முழுவதும் பிரித்துக் கறை, அறுந்த இழை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள்.

குறிப்பு: கல்யாணச் சேலைக்கு ஆடியிலும் மார்கழியிலும் போனால் கடைக்காரருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். ஆனால் ஆடி வெள்ளிகளில் காமாட்சி கோயிலில் கூட்டம் தெருவரை நிற்கும்.

வீடு திரும்பிய பிறகு

பில்லைச் சேலையோடு வைக்காமல் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். சேலையைக் கடை தந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து அன்றே எடுத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சரிகையில் சென்ட் படக்கூடாது, அந்துருண்டை நேராகத் தொடக்கூடாது. கட்டிய பிறகு நிழலில் உலர்த்தி மடியுங்கள், வெயிலில் போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடக்கும் சேலையில் சரிகை அந்த மடிப்பில்தான் முதலில் உடையும்.